பின்சீட்டுக்கு ஒரு நம்பர் பிளேட்

ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே குடியிருந்தவரை எங்கள் மோட்டார் சைக்கிள் செத்த வண்டியாக இருந்தது. பாலத்தைத் தாண்டி வடக்கே வந்ததும் அது பிறக்கவே பிறக்காத வண்டியாகிவிட்டது. நடுவில் இருப்பது ஒரே ஒரு பாலம். நல்ல காற்று அடித்தால் அக்கரையில் மீன் பொரிக்கும் வாசனை இக்கரைக்கு வரும். ஆனால் அந்த மாநிலத்துக் காகிதம் இந்த மாநிலத்துக்குப் புரியாது. இரண்டின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

வண்டி செத்த கதை சின்னது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் மாலை, நானும் என் கணவன் டெல்மரும் கெளுத்தி மீன் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். அறுவடை முடிந்த சோளக்காட்டிலிருந்து ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. டெல்மருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்சீட்டிலிருந்த நான் பறந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தேன். இடது தொடை எலும்பு உடைந்தது. இப்போது முட்டி வரைக்கும் உள்ளே ஒரு உலோகக் கம்பி இருக்கிறது. மான் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு போய்விட்டது. எங்கள் மூவரில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார், "டோட்டல் லாஸ்" என்று திருவாய் மலர்ந்தார். உரிமைப் பத்திரத்தில் "சால்வேஜ்" என்று கொட்டை எழுத்தில் முத்திரை விழுந்தது. அதாவது, இது இனி வண்டி இல்லை, காயலாங்கடைச் சரக்கு. தெருவில் ஓட்டக் கூடாது, யாராவது சரி செய்து, அரசாங்கம் பார்த்து, சரி என்று சொன்னால்தான் மறுபடியும் வண்டி. ஆஸ்பத்திரியில் என் காலைப் பார்த்தவர்கள் நல்ல வேளையாக என் மீது முத்திரை எதுவும் குத்தவில்லை.

டெல்மர் அந்தச் சரக்கைக் கம்பெனியிடமிருந்தே திரும்ப வாங்கினான். அவன் கார் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன். இடித்த வண்டி எதையாவது பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. வண்டியைக் கடைசி ஆணி வரை பிரித்துப் பெட்டிகளில் போட்டான். அதற்குள் நாங்கள் வீடு மாற வேண்டியதாயிற்று. பழைய வீட்டில் மாடிப்படி. என் காலுக்கும் படிக்கும் ஒத்துவரவில்லை. ஆற்றுக்கு வடக்கே, படியே இல்லாத ஒரு வீடு கிடைத்தது. பெட்டிகளும் எங்களோடு பாலம் தாண்டின. எங்கள் தலையெழுத்தும் கூடவே தாண்டியது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பின்சீட்டு. இருபது வயதிலிருந்து என் இடம் அது. அங்கே உட்கார்ந்துதான் நான் அவனோடு சண்டை போட்டேன், சமாதானமானேன், என் அம்மா செத்த செய்தி கேட்டு அழுதேன். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவன் இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் முட்டியைத் தட்டுவான். வாயைத் திறந்து அன்பாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஆள். அந்தத் தட்டுதான் எனக்கு எல்லாம். மே மாத முதல் ஞாயிறு எங்கள் தேவாலய வாசலில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, பாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஆசீர்வாதம் செய்வார். போன இரண்டு வருடமும் அந்த வரிசைக்குக் காரில் போய் இறங்கினேன். கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஓரமாக நின்றேன். இந்த மே மாதம் அப்படி நிற்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச்சில் வண்டி முழுசாக எழுந்து நின்றது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. நான் கை தட்டினேன். டெல்மர் துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றான். அந்தக் குரலில் அவசரமே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வண்டிப் பதிவு அலுவலகத்தின் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் ட்விலா. ஊரில் எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்படிக் கூப்பிட்டால் உங்கள் வேலை நடக்காது என்று அர்த்தம்.

"இது அக்கரை சால்வேஜ் பேப்பர் கண்ணு. இங்க செல்லாது."

"அங்க சால்வேஜ்னா இங்கயும் சால்வேஜ்தானே? ஆத்தைத் தாண்டினதும் குணமாயிடுச்சா?" என்றேன்.

"அப்படி இல்ல கண்ணு. இங்க பதிவு பண்ணணும்னா முதல்ல இன்ஸ்பெக்ஷன் ஆகணும். இன்ஸ்பெக்ஷனுக்கு வண்டியைக் கொண்டாரணும்."

"சரி, ஓட்டிட்டு வரோம்."

"ஐயையோ, ஓட்டக் கூடாது. பதிவு இல்லாத வண்டியாச்சே."

"ஓடுற வண்டியான்னு பார்க்கத்தானே இன்ஸ்பெக்ஷன்?"

"ஆமா கண்ணு. ஓடணும். ஆனா ஓட்டிட்டு வரக் கூடாது."

இந்த விதியை எழுதிய மகான் எங்கேயாவது நல்ல சம்பளத்தில் ஓய்வு பெற்றிருப்பார். புல்வெட்டும் எந்திரம் ஏற்றுவதற்காக தேவாலயத்தில் வைத்திருக்கும் டிரெய்லரை இரவல் வாங்கினோம். எங்கள் டிரக்கின் பின்னால் மாட்டி, ஓடுகிற வண்டியை நோயாளி போல வாரால் கட்டி ஏற்றிக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்ததும் டெல்மர் சட்டைப் பையைத் தடவினான். பத்திரம் வீட்டில் இருந்தது. சமையல் மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில்.

"மறந்துட்டேன்" என்றான்.

ஆய்வு மாதத்துக்குச் சில நாட்கள்தான் நடக்கும். திரும்பி வந்தோம். வழி நெடுக நான் அந்த அலுவலகத்தையும், அதைக் கட்டியவனையும், கட்டியவனைப் பெற்றவளையும் வைது தீர்த்தேன். டெல்மர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான். மெயின் ரோட்டில் கஸ்டர்ட் ஐஸ்கிரீம் விற்கும் கடையில் நிறுத்தி எனக்கொரு பெரிய கோப்பை வாங்கிக் கொடுத்தான். என் மனது நோகக் கூடாது என்று பார்க்கிறான் என நினைத்து உருகிப்போனேன். கூடவே ஐஸ்கிரீமும் உருகியது.

இரண்டாவது முறை பத்திரம் வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை வாங்கிய ரசீது வரவில்லை. எந்தப் பாகம் எந்தக் கடையில் வாங்கியது, அது திருட்டுப் பாகம் இல்லை என்பதற்கு ரசீது வேண்டுமாம். வீல் ரசீது இருந்தது. விளக்கு ரசீது இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு ரப்பர் துண்டுக்குக்கூட ரசீது இருந்தது. மான் உடைத்த ஃபோர்க்குக்குப் பதிலாகப் போட்ட புதுசுக்கு மட்டும் இல்லை.

"எங்க வெச்சேன்னு தெரியலியே" என்றான் டெல்மர்.

"ஃபோர்க்கே இல்லாம வந்திருந்தா இன்னும் சுலபமா முடிஞ்சிருக்கும் கண்ணு. இல்லாத பார்ட்டுக்கு ரசீது கேக்க மாட்டோம்" என்றாள் ட்விலா. அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் வைதேன். டெல்மர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். இந்த முறை மேலே வறுத்த பீக்கன் பருப்பு கூடப் போடச் சொன்னான். தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, சீட்டி அடித்துக்கொண்டே வண்டியை ஓட்டினான். அரசாங்கம் துரத்திவிட்ட மனிதன் சீட்டி அடிப்பதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

மூன்றாவது முறை எல்லாவற்றையும் நானே எடுத்து வைத்தேன். பத்திரம், ரசீதுகள், ஃபோர்க் கடைக்குப் போன் செய்து வரவழைத்த நகல், இரண்டு ஹெல்மெட், டெல்மரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் அட்டை. இனி இவர்கள் கேட்க என்ன இருக்கிறது, என் பல்லின் எக்ஸ்ரேயா என்று கறுவிக்கொண்டே போனேன்.

ஆய்வாளர் ப்ரூயிட் ஒரு போலீஸ்காரர். ஒல்லியான ஆள், சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் போல முகத்தை வைத்திருப்பார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்தார். அங்கேதான் வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேஸிஸ் நம்பரை வெட்டியிருப்பார்கள். குனிந்தவர் நிமிரவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தார்.

"நம்பர் எங்க சார்?"

டெல்மர் குனிந்து டயரைப் பார்த்தான்.

"இங்க ஒண்ணுமே தெரியலியே. மேல பவுடர் கோட்டிங் பெயிண்ட் மூடியிருக்கு. நம்பரை மறைக்கிறது குத்தம், தெரியுமில்ல?"

"நம்பரை யாரு மறைச்சா?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"மேடம், நம்பர் தெரியலன்னா ரெண்டே வழிதான். அரசாங்கம் ஒரு புது நம்பர் குடுக்கும். இந்த வருஷம் வீட்ல செஞ்ச வண்டின்னு எழுதிப்போம். இல்ல, திருட்டு வண்டியோன்னு சந்தேகம் வந்தா இங்கயே நிறுத்தி வெச்சிடுவோம்."

திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. இத்தனை வாரம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"யாரைப் பார்த்துத் திருட்டுன்னு சொல்றீங்க? என் புருஷனுக்கு முப்பது வருஷமா இதே தொழில். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நம்பர் மேலயும் டேப் ஒட்டுவான். திருகாணி தலை மேலகூட ஒட்டுவான். எங்க வீட்டு வாசல் தபால் பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சப்ப, கதவு நம்பர் மேல டேப் ஒட்டிட்டுத்தான் அடிச்சான். ஒரு நம்பரைக்கூட அவன் மறந்து..."

அங்கே என் வாய் நின்றது.

ஒரு நம்பரைக்கூட அவன் மறந்ததில்லை. அதைச் சொன்னது நான்தான், போலீஸ்காரர் முன்னால், சத்தமாக. திரும்பிப் பார்த்தேன். டெல்மர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உப்பு ஜாடிக்கு அடியில் இருந்த பத்திரமும், காணாமல் போன ரசீதும், பீக்கன் பருப்பும் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. அலுவலகத்தை நான் திட்டிய திட்டெல்லாம் முகவரி மாறிப் போயிருந்தது.

"அடுத்த ஆய்வு மே மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் இருக்கு. நம்பரைக் காட்டிட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றார் ப்ரூயிட்.

திரும்பும் வழியில் டெல்மர் வழக்கம்போல ஐஸ்கிரீம் கடைப் பக்கம் டிரக்கைத் திருப்பினான்.

"வேணாம்" என்றேன். "வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.

"ஏன்டா?" என்றேன். கோபம் வந்தால்தான் நான் அவனை டா போடுவேன். அவனுக்கும் அது தெரியும்.

"வண்டியைக் கட்டறது வேற லோரீன். ஓட்டறது வேற."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? ஒரு மாநில அரசாங்கத்தையே எனக்கு எதிரா வேலை செய்ய வெச்சியே!"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினான். "அன்னைக்கு விழுந்து எழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலி. கூப்பிட்டேன். பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டேன்."

"மயங்கிக் கிடந்தேன்யா நான்."

"அது எனக்குத் தெரியாதே." என் பக்கம் திரும்பினான். "கார்னா நீ பக்கத்துல இருப்ப, கண்ணுக்குத் தெரியும். அதுல பின்னாடி இருப்ப. ஓட்டிட்டே இருக்கணும், நீ இருக்கியா இல்லையான்னு தெரியாம. என்னால முடியல. பயமா இருக்கு. நீ அவ்வளவு ஆசையா இருந்தே, வேணாம்னு எப்படிச் சொல்றது? அதான் அவங்க சொல்லட்டும்னு விட்டேன்."

எனக்கு அவன் மீது இரக்கம் வந்தது. அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. கம்பி வைத்த காலோடு நடை பழகினவள் நான். அப்போதெல்லாம் அந்தச் சீட்டை நினைத்துத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தேன்.

"என் காலை உடைச்சது மான்" என்றேன். "என் சீட்டைப் பிடுங்கினது நீ. மானை மன்னிச்சிட்டேன்."

அவன் எஞ்சினைக் கிளப்பினான்.

இரண்டு நாள் பேசாமலே இருந்தேன். எங்கள் வீட்டில் அது பெரிய தண்டனை. நான் பேசாவிட்டால் அங்கே வேறு யாரும் பேசுவதில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துவிட்டு கராஜுக்குப் போனேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். இருக்கிறதிலேயே பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். சத்தம் பல்லைக் கூசவைத்தது.

வீட்டுக்குள் நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"கீழ போடு! அதைக் கீழ போடு லோரீன்! நம்பரே அழிஞ்சுடும்!"

"அழிஞ்சா என்ன? வீட்ல செஞ்ச வண்டின்னு எழுதிப்பாங்க."

"சுரண்டவா செய்வாங்க? அதுக்கு மருந்து இருக்கு. ஊற விடணும்."

"எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவங்க செய்யலியே" என்று இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

முப்பது வருடமாக ஒரு வேலையைச் சரியாகச் செய்தவனால், அதே வேலையைக் கண்ணெதிரே ஒருத்தி கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அதை நம்பித்தான் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு கையுறை மாட்டினான். பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தொட்டுத் தடவினான். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தேய்த்தான். கறுப்பு குமிழ் விட்டுச் சுருங்கிக் கழன்றது. அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வருவதற்கு முன்பே அவன் அடுத்த எழுத்தை முணுமுணுத்தான். முழு நம்பரும் அவனுக்கு மனப்பாடம்.

"கிறுக்கா" என்றேன். மூன்று நாளில் நான் அன்பாகச் சொன்ன முதல் வார்த்தை.

அடுத்த ஆய்வில் ப்ரூயிட் டார்ச் அடித்து நம்பரைப் படித்தார். பத்திரத்தோடு ஒப்பிட்டார். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கீங்க சார்" என்று பெரிய மனது பண்ணி ஒரு வார்த்தை சொன்னார். வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். சால்வேஜ் போய் "ரீபில்ட்" வந்தது. அதாவது செத்துப் பிழைத்தது, ஆனால் செத்ததை மறக்கமாட்டோம் என்று அர்த்தம். ட்விலா ஜன்னல் வழியாக நம்பர் பிளேட்டை நீட்டினாள். அன்றைக்கு அவள் எங்களைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. வேலை நடந்துவிட்டதல்லவா.

டெல்மர் பிளேட்டை மாட்டினான். முறுக்கியது போதும் என்ற பிறகும் முறுக்கினான். பிறகு வண்டியை மறுபடி ஏற்ற டிரெய்லரின் பலகையைக் கீழே இறக்கினான்.

நான் டிரெய்லரின் விளிம்பில் நல்ல காலை வைத்து ஏறி, அங்கிருந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன். அந்த டிரெய்லர் இத்தனை நாளில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

"இறங்கு லோரீன்."

"பதிவான வண்டியை எதுக்கு டிரெய்லர்ல ஏத்தணும்? அதுக்குச் சட்டம் இருக்கா? ஆபீசரைக் கேளு."

ப்ரூயிட்டை அவன் பரிதாபமாகப் பார்த்தான். "அப்படிச் சட்டம் எதுவும் இல்ல சார்" என்றார் அவர். "ஆனா வழியை மறிச்சு நிக்கக் கூடாது. பின்னாடி ஆள் காத்திருக்கு."

"டிரக்கு?" என்றான் டெல்மர், கடைசி முயற்சியாக.

ஜன்னலிலிருந்து ட்விலா எட்டிப் பார்த்தாள். "டிரக் இங்கயே நிக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க. அதுக்கு ஃபாரம் வேணாம்."

அந்த அலுவலகத்தில் படிவம் இல்லாமல் ஒரு காரியம் நடந்தது. சாட்சிக்கு நான் இருக்கிறேன்.

ஹெல்மெட்டை நீட்டினேன். அவன் அதை வாங்கி, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு மாட்டிக்கொண்டான். முன்னால் ஏறி உட்கார்ந்தவன் பிரேக்கை மூன்று தடவை அமுக்கிப் பார்த்தான். நான் கேலி செய்யவில்லை. இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சவ ஊர்வல வேகத்தில் போனோம். சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது மரியாதையாகக் கை அசைத்தார். எங்கள் பின்னால் ஒரு பிக்கப் டிரக், அதன் பின்னால் ஒரு பள்ளிப் பேருந்து, அதன் பின்னால் ஊரே வந்தது.

"இந்த வேகத்துல மான் வந்தா நமக்கு வழி விட்டுட்டுத்தான் போகும்" என்று அவன் காதில் கத்தினேன். அவன் சிரிக்கவில்லை.

ஐஸ்கிரீம் கடைக்கு முன்னால் சிக்னல் சிவப்பானது. வண்டி நின்றது. அவன் கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றினான். இடது கை க்ளட்ச்சிலிருந்து எழுந்தது. பின்னால் வந்தது. பாதியில் அந்தரத்தில் நின்றுவிட்டது, காலிச் சீட்டைத் தொட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி.

நான் என் முட்டியை முன்னால் தள்ளினேன். கம்பி வைத்த கால்.

கை முட்டியில் பட்டது. தட்டவில்லை. பிடித்துக்கொண்டது.

"இருக்கேன்" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பிக்கப்காரன் ஹாரன் அடித்தான். பேருந்தும் அடித்தது. டெல்மர் கையை எடுக்கவே இல்லை.